செண்பகத்தின் முறிந்த கால்

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களில் சிலர் கதை முடிகிறவரை வாயில் போட்ட சோற்றை விழுங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள், மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த சமயம். மயிலாப்பூரில் கால்வாய்ப் பக்கம் இருந்த ஆரம்பப் பள்ளியும் மறுபடி திறந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாட இடமில்லை. முன்பக்கம் ஒரு பதுங்கு குழி, பின்பக்கம் ஒரு பதுங்கு குழி. முன்னது படி வைத்து, மணல் மூட்டை அடுக்கி, ஒழுங்காக இருந்தது. பின்னதைப் பாதியில் விட்டுவிட்டார்கள். ஐப்பசி மழை பெய்து அதில் ஒரு சின்னக் குழந்தை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

“வேலி போடணும் சார்” என்று இரண்டாம் வகுப்பு அஸ்மத்துன்னிசா டீச்சர் தலைமையாசிரியரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

“மேலே எழுதியிருக்கேம்மா” என்பார் கோதண்டபாணி. எழுதியதோடு சரி.

டீச்சருக்கு வயது இருபத்திரண்டுதான். அவள் வகுப்பில் முப்பத்தொன்பது பிள்ளைகள். அதில் ஒருத்தி செண்பகம். செண்பகத்தின் அம்மா முனியம்மாள் பள்ளி வாசலில் வேர்க்கடலை விற்பவள். பள்ளி திறந்தபோது பெண்ணை அனுப்பவே மாட்டேன் என்று நின்றாள்.

“குண்டு வுழுந்தா நானும் அவளும் ஒண்ணாப் பூட்றோம் டீச்சரம்மா. உன்னாண்ட வுட்டுட்டு நான் எங்க போய்த் தேடறது?”

“தேட வேணாம் முனியம்மா. அவளுக்கு நான் ஜவாப்தாரி.”

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அனுப்பினாள்.

சனிக்கிழமைதோறும் ஒத்திகை நடக்கும். அபாயச் சங்கு ஊதியதும் காதில் பஞ்சு, பல்லுக்கு நடுவே மடித்த துணி, வரிசையாக முன்குழிக்குள் இறங்க வேண்டும். வான்தாக்குதல் பாதுகாப்புக்கென்று வைத்த ஏ.ஆர்.பி. வார்டன் வந்து பார்ப்பார். ஒரு சனிக்கிழமை அவர் புதிதாக ஒன்று சேர்த்தார். ஒரு குழந்தை அடிபட்டதுபோல் படுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெண்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கி வர வேண்டும். செண்பகத்தின் கழுத்தில் ‘கால் முறிவு’ என்ற அட்டையை மாட்டினார்கள். கட்டெறும்பு கடித்தும் அவள் அசையவில்லை. வார்டன் கைதட்டினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவளை யாரால் பிடிக்க முடியும், சொல்லுங்கள்!

அடுத்த வியாழக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் சங்கு ஊதியது.

இது நிஜம் என்று பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் பிள்ளைகளைக் குழிக்குள் இறக்கிவிட்டுத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். முப்பத்தெட்டுதான்.

“செண்பகம் எங்கே?”

ஒரு பெண் வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “எம் பின்னாலதான் வந்தா டீச்சர். அப்பறம் அந்தாண்ட ஓடிட்டா.” அவள் விரல் கொல்லைப்புறத்தைக் காட்டியது.

டீச்சர் படியில் கால் வைத்தாள்.

“ஏறப்படாதும்மா! விதி இருக்கு!” என்று கத்தினார் கோதண்டபாணி.

“மேலே எழுதிட்டு வந்து ஏறட்டுமா சார்?” என்று கேட்டுவிட்டு அவள் ஓடியே போய்விட்டாள். அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

வாசலில் கடலைக்கூடையைப் போட்டுவிட்டு முனியம்மாளும் உள்ளே ஓடி வந்தாள். “எம்பொண்ணு எங்க டீச்சரம்மா?”

டீச்சர் பின்குழித் தண்ணீரையே பார்த்தாள். அவள் பார்வை போன இடத்தை முனியம்மாளும் பார்த்தாள். அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் புடவையோடு அந்தத் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். சேறு. கையால் துழாவினார்கள், காலால் துழாவினார்கள். டீச்சர் காலில் மெத்தென்று ஏதோ தட்டியது. குனிந்து இழுத்தாள். ஊறிப்போன கோணிப்பை.

“யா அல்லா” என்றாள் டீச்சர். கூடவே முனியம்மாள் கபாலீசுவரரைக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் சமையல் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“இன்னா டீச்சர் இவ்ளோ நேரம்? ஸ்ட்ரெச்சர் வருமா, வராதா?”

பூவரச மரத்தடியில், போன சனிக்கிழமை படுத்த அதே இடத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள் செண்பகம். வகுப்பறை ஆணியில் தொங்கிய அட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். சங்கு ஊதினால் எல்லாரும் ஓட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம், அசையவே கூடாது என்று இவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம், அது அந்த ஒரு நாளுக்குத்தான் என்று யாருமே சொல்லவில்லையே! டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

முனியம்மாள் கையை ஓங்கிக்கொண்டு போனாள்.

“தொடாத! கால் ஒடஞ்சி கீது!” என்றாள் பெண்.

“ஒடஞ்சி கீதா? நான் ஒடைக்கிறேன் பாரு! எழுந்து வாடி!”

“நடக்கக் கூடாதும்மா. வார்டன் மாமா சொல்லிக்கீறாரு.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. முனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்கூட வந்தது. கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த ஸ்ட்ரெச்சரை டீச்சர் எடுத்து வந்தாள். தலைப்பக்கம் அம்மா, கால்பக்கம் டீச்சர். சேறு சொட்டச் சொட்ட இருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓட, செண்பகம் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

குழியில் இறக்கிவிட்டு எண்ணினால் முப்பத்தொன்பது. சற்று நேரத்தில் அபாயம் நீங்கிய சங்கும் ஊதிவிட்டது. குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. கோதண்டபாணி பெஞ்சுகளைத் தானே இழுத்துப் போய்ப் பின்குழியைச் சுற்றி அடுக்கி, கிணற்றுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். வேலி வருகிறவரை நான்காம் வகுப்பு தரையில் உட்காரட்டும் என்றார்.

வாசலில் முனியம்மாள் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். டீச்சர் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

“நாளைக்கு அனுப்புவியா முனியம்மா?”

“அனுப்பாம? நீ ஆழம் பாக்காம தண்ணில குதிச்சத நான் பாக்கலியா? அனுப்பறேன். ஆனா அடிபட்டுக்கற வேலைய வேற எவளுக்காச்சும் குடு. இவளுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்கற வேலையப் போடு.”

“அது அஞ்சாங்கிளாசுக்குத்தான்” என்றாள் செண்பகம்.

“அப்ப சும்மா ஓடுடி, எல்லாரையும் போல!”

டீச்சர் சிரிக்கத்தான் பார்த்தாள். முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சேற்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முனியம்மாள் பக்கத்தில் வந்து அமர்ந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

“அழுதுடு டீச்சரம்மா. நான் தண்ணிக்குள்ளயே அழுது முடிச்சிட்டேன்.”