மொட்டைத் தலைகளுக்கு நடுவே ஆதிகேசவன்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில், திருத்தணி மலைமேல் போட்டிருந்த தகரக் கொட்டகைக்கு ஒரு பெயர்ப் பலகை வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் 'சர்வைலன்ஸ் ரூம்' என்று மட்டும் அச்சாகியிருந்தது. திருவிழாவுக்காகப் பொருத்திய பதினாறு கேமராக்களின் படங்களும் அந்தக் கொட்டகைக்குள்தான் ஓடின. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரத்துக்கு வேலைக்கு எடுத்திருந்த பெண் தேவசேனா. பொறுப்பிலிருந்த சப்-இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் அவளைக் கூப்பிட்டு, பலகைக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டச் சொன்னார்.

தேவசேனா கல்லூரியில் மொழியியல் படித்தவள். ஒரு சொல் கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். இது பிரெஞ்சிலிருந்து வந்த சொல் என்றாள். முன்பாதி 'மேல்', பின்பாதி 'விழித்திருத்தல்'. ஜுரம் வந்த குழந்தையின் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பதற்கும் அந்தப் பின்பாதியைத்தான் சொல்வார்களாம். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊருக்கு ஊர் குழு வைத்து வெளியாட்களை வேவு பார்த்தார்கள். அந்தக் குழுக்களின் பெயரில் ஒட்டிக்கொண்டு இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனதால்தான் இன்றும் அதில் சந்தேக வாடை அடிக்கிறது. தெலுங்கில் இதையே 'நிகா' என்கிறார்கள், அது வந்த பாரசீகத்தில் வெறும் பார்வைதான். நம்முடைய கண்காணிப்பிலும் கண்ணும் காண்பதும்தான் இருக்கின்றன, ஆனால் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை அதட்டி வேலை வாங்கியவனுக்கும் கண்காணி என்றே பெயர். அதனால் கொஞ்சம் இதமாக வேறு ஏதாவது எழுதலாமா என்று கேட்டாள்.

வீரபத்திரன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "கண்காணிப்பு அறைன்னு எழுதும்மா, போதும்" என்றார். அப்படியே எழுதி ஒட்டினாள்.

காவடிகள் ஏறத் தொடங்கின. கூட்டத்தில் யாரையாவது தவறவிட்டால் கொட்டகைக்கு வந்து சொல்லும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தபடியே இருந்தார்கள். பதினொரு மணிவரை ஒருவரும் உள்ளே வரவில்லை. அப்போதுதான், கொட்டகை வாசலுக்கு மேலே இருந்த கேமராவில் ஓர் அம்மாளைத் தேவசேனா கவனித்தாள். கையில் ஆண்பிள்ளைச் சட்டை, ஒரு போன், ஒரு மூக்குக்கண்ணாடி. பலகையைப் படிப்பதும் இரண்டடி பின்னால் போவதுமாக இருந்தாள். தேவசேனா எழுந்துபோய் உள்ளே கூப்பிட்டாள்.

"நான் ஒண்ணும் தப்பு பண்ணலம்மா" என்றாள் அந்த அம்மாள். "ஊட்டுக்காரரக் காணோம். உள்ள திருடங்களப் புடிச்சி வச்சிகினு இருக்கீங்கன்னு நெனச்சி வெளியவே நின்னுகினு இருந்தேன்."

அவள் பெயர் பங்காரு. அம்மையார்குப்பத்தில் கைத்தறிக் குடும்பம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அந்த வேண்டுதலுக்காக மொட்டையடித்துக்கொள்ளப் போன கணவர் ஆதிகேசவன், சட்டையையும் போனையும் கண்ணாடியையும் இவளிடம் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்பவில்லை. கண்ணாடி இல்லாமல் நாலடி தள்ளி நிற்கும் ஆள் முகம் அவருக்குத் தெரியாது.

அடையாளம் சொல்லுங்கள் என்றார் வீரபத்திரன்.

"தல நெறய சுருட்ட முடி சார்" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அந்த முடி இப்போது முடிக்கொட்டகையின் தரையில் கிடக்கும். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் அவரை மொட்டைத் தலையோடு அவள் பார்த்ததே இல்லை.

திரைகளில் எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். தேவசேனா ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிக் காட்டினாள். பங்காரு தலைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழே பார்க்க ஆரம்பித்தாள். ஏழாவது படத்தில் விரலை வைத்தாள். குழாயடியில் நின்றிருந்த ஒருவரின் வலது கால் மட்டும் சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சும்மா நின்னாலும் தறி மிதிப்பாரு. அவரேதான்."

வீரபத்திரன் வாக்கிடாக்கியை எடுத்தார். ஒரு நிமிஷம் பொறுக்கும்படி பங்காரு கேட்டுக்கொண்டாள். "கொஞ்சம் பாத்துக்கறேன் சார்."

ஆதிகேசவன் இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தார். பங்காரு கட்டியிருந்ததைப் போல அரக்குப் புடவை கட்டிய ஒருத்தி போகவும், கிட்டத்தில் போய் முகத்தை உற்றுப் பார்த்தார். அவள் ஏதோ திட்டியிருக்க வேண்டும், கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றார். கால் மறுபடி மிதிக்கத் தொடங்கியது. பங்காரு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீரபத்திரனும் சிரித்துவிட்டார்.

ஒரு கான்ஸ்டபிள் போய் அவரை அழைத்து வந்தார். பங்காரு கண்ணாடியை மாட்டிவிட்டாள். மனைவியைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, தலை அசிங்கமாக இருக்கிறதா என்பதுதான்.

அவள் அவர் தலையில் உள்ளங்கையை வைத்தாள். "இவ்ளோ அழகான உருண்டைன்னு தெரிஞ்சிருந்தா கல்யாணத்தப்பவே எடுக்கச் சொல்லியிருப்பேன்."

அவர்கள் கிளம்பும்போது, அத்தனை நேரம் ஏன் வெளியில் நின்றாள் என்று வீரபத்திரன் விசாரித்தார். பங்காரு பலகையைக் காட்டினாள்.

"அதப் படிச்சா போலீஸு நம்மளப் பாக்குதுன்னு இருக்குது சார். நமக்காகப் பாக்குதுன்னு இல்லயே."

வீரபத்திரன் தேவசேனாவிடம் பேனாவை நீட்டினார். 'யாரையாவது தேடுகிறீர்களா? உள்ளே வாருங்கள்' என்று பெரிதாக எழுதிப் பழைய வரியின்மேல் ஒட்டினாள்.

சாயங்காலத்துக்குள் ஒன்பது குடும்பங்கள் வந்துவிட்டன. கடைசியாக வந்தவர்கள் அக்காவும் தங்கையும். அக்காவைக் காணோம் என்று தங்கை வந்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தங்கையைத் தேடி அக்கா உள்ளே நுழைந்தாள். கேமராவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வீரபத்திரன் கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.