‘வெளியே’ பொத்தான்

தென்கொரியாவின் தெற்குக் கோடி பூசானில் மீன் அப்பக் கடை வைத்திருக்கும் கியோங்-ரான், எண்ணெய் காயும் நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். வடகோடியில் சோர்வொன் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் அப்பாவின் வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் அதில் தெரியும். வீட்டுக்குள் பதினாறு டிகிரி. கீழே ‘வெளியே’ என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வீட்டில் ஆள் இல்லாதபோது, தரைக்கடியில் வெந்நீர் ஓட்டி வீட்டைச் சூடாக்கும் குழாய் உறைந்துவிடாமல் பாய்லர் பேருக்கு ஓடட்டும் என்று வைத்த பொத்தான் அது. எழுபத்தொன்பது வயது அப்பா தோக்-பே அதை மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்கும் பொத்தானாக்கிவிட்டார். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே அந்த மனுஷர் நாள் முழுக்க ‘வெளியே’ போயிருப்பார். அங்கே இன்று மைனஸ் பதினேழு.

ஞாயிற்றுக்கிழமைகூட இதற்காகத்தான் சண்டை.

“மெஷின்கிட்டயே பொய் சொல்றீங்களே அப்பா. நிஜமா வெளிய போனா மட்டும் அதை அமுக்குங்க.”

“கோட்டு போட்டுக்கிட்டுதான இருக்கேன். உனக்கென்ன?”

“கோட்டு போட்டா வெளிய போனதா ஆயிடுமா?”

“சரி தாயே, போனாத்தான் அமுக்குவேன். வை போனை.”

இப்போது கியோங்-ரான் கைப்பேசியிலிருந்தே அந்த விளக்கை அணைத்து, வீம்புக்கு இருபத்தைந்து வைத்தாள். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் அவர் எழுந்து போய் மறுபடி ‘வெளியே’ அமுக்குவார், இவள் மாற்றுவாள், அவர் அமுக்குவார். அப்பனும் மகளும் பேசிக்கொள்வதைவிட இப்படிச் சுவர்ப் பொத்தானில் சண்டை போட்டுக்கொள்வதுதான் அதிகம். இன்று யாரும் அமுக்கவில்லை. கிழவர் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்து அவள் மாவைப் பிசையப் போனாள்.

அரைமணி கழித்துப் பார்த்தால் பதின்மூன்று.

திரையில் நெருப்புக் குறி எரிந்துகொண்டுதான் இருந்தது. தரை சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். வாடிக்கையாளர் இருவரை அனுப்பிவிட்டு வந்தபோது பதினொன்று. அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சண்டை போட்டால் நாலு நாள் எடுக்க மாட்டார், தெரிந்ததுதான். ஆனாலும் விடவில்லை. ஐந்து முறை கூப்பிட்டாள்.

பிறகு பாய்லர் கம்பெனி உதவி எண்ணுக்கு அடித்தாள். எடுத்த பெண் எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் நிதானமாகக் கேட்டாள்.

“பழுது நம்பர் ஏதாவது மின்னுதாம்மா?”

“இல்லை.”

“நெருப்புக் குறி?”

“எரியுது. ஒரு மணி நேரமா எரியுது.”

“தண்ணிச் சூடு எவ்வளவு காட்டுது?”

“ஐம்பத்தெட்டு. ஆனா வீட்டுச் சூடு குறைஞ்சுகிட்டே போகுதும்மா. இப்போ ஒன்பது.”

“அப்போ பாய்லர்ல ஒண்ணும் கோளாறு இல்லைங்க. சூடு தரைக்குப் போகுது. கதவோ ஜன்னலோ திறந்திருக்கான்னு மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க.”

கியோங்-ரான் போனை வைத்தாள். மைனஸ் பதினேழில் கதவைத் திறந்து போட அவள் அப்பா என்ன பைத்தியமா? எண்ணெய் மிச்சம் பிடிக்கக் கோட்டோடு தூங்குகிற மனுஷர். ஒரு மணி நேரமாகக் கதவு திறந்து கிடக்கிறது என்றால், அதை மூட அவரால் முடியவில்லை என்று அர்த்தம். முதலில் எரிந்த விளக்கு பொய் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற, நிஜமாகவே வெளியே கிளம்பித்தான் அதை அமுக்கியிருக்கிறார்.

அடுப்பை அணைத்துவிட்டு ஊர்த்தலைவர் பியோனைக் கூப்பிட்டாள்.

“அப்பா வீட்டுக் கதவு திறந்து கிடக்கு தலைவரய்யா. அவர் விழுந்துட்டாரு.”

“பூசான்ல இருந்துகிட்டு உனக்கெப்படித் தெரியும்?”

“தெரியும். யாரையாவது ஓடச் சொல்லுங்க.”

பியோன் மேற்கொண்டு கேட்கவில்லை. சட்டென்று ஊர் ஒலிபெருக்கியைப் போட்டார். கைப்பேசி வழியாகவே அது அவள் காதில் அலறியது.

“தோக்-பே அண்ணன் வீட்டுப் பக்கம் யாரு இருந்தாலும் உடனே ஓடுங்க. கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடுங்க. கம்பளி எடுத்துக்குங்க.”

பிறகு அவரே ஓடினார். பனியில் சறுக்கும் பூட்ஸ் சத்தம், மூச்சு இரைப்பு, நாய் குரைப்பு. கியோங்-ரான் திரையைப் பார்த்தாள். எட்டு. ஏழு. அப்பா செத்துப்போனால், கடைசியாகப் பேசியதிலும் ‘பொய் சொல்றீங்களே’ என்றுதான் திட்டினோம் என்று நினைத்தாள்.

“உசுரு இருக்கு,” என்றார் பியோன். “உசுரு இருக்கும்மா. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு.”

“எங்க கிடந்தாரு?” என்று கேட்டாள்.

பியோன் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். ஊர் மன்றத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியவர் வாசல்படி ஐஸில் வழுக்கியிருக்கிறார். இடுப்பு எலும்பு போயிற்று. கையை ஊன்றி இடுப்பு வரைக்கும் கூடத்துக்குள் ஊர்ந்திருக்கிறார். காலை உள்ளே இழுக்க முடியவில்லை, அதனால் கதவும் மூடவில்லை.

“காலு ரெண்டும் கட்டையாக் கிடக்கு. ஆனா நெஞ்சு சூடா இருக்கு. தரை அப்படிக் கொதிக்குது, கை வைக்க முடியல. இந்தா, ஏதோ கேக்கறாரு.”

காதருகே வைத்த கைப்பேசியில் முதலில் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்டது.

“யாரு... பாய்லரைப் போட்டது?”

“நான்தான்ப்பா.”

“எவ்வளவுல?”

“இருபத்தஞ்சு.” அவள் அழுதுகொண்டே சொன்னாள். “குறைக்கட்டுமாப்பா?”



“இருக்கட்டும்,” என்றார் தோக்-பே. “இன்னும் கொஞ்சம் கூட்டி வை.”