மோதிரக்காவின் கறுப்பு நகம்

நகைக்கடையில் பதினாறு வருஷமாக மோதிரப் பிரிவில் நின்றதில் அவளுக்கு மோதிரக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. எந்த மோதிரத்தையும் தன் விரலில் போட்டுத்தான் காட்டுவாள். தட்டில் கிடந்தபோது உதட்டைப் பிதுக்கியவர்கள்கூட, அவள் விரலில் பார்த்ததும் பில் போடச் சொல்வார்கள். அந்தக் கைதான் அவளுடைய பிழைப்பு.

மார்பில் கட்டி என்று தெரிந்து மூன்று மாதம் ஆகிறது. விடுமுறை நாளில் போய் மருந்து ஏற்றிக்கொண்டு, மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல வேலைக்கு வந்துவிடுவாள். இந்த மருந்துக்கு முடி கொட்டாது என்று டாக்டர் சொன்னது பலித்தது. நகத்தைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. பத்து நகமும் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தன.

கடையில் தெரிந்தால் அவ்வளவுதான். கல்யாண மோதிரம் வாங்க வருகிறவர்கள் முன்னால் நோயாளியின் கையா?

மகளின் நெயில் பாலிஷை எடுத்துப் பூசிக்கொண்டாள். நாவல்பழக் கறுப்பு.

"அடிப்பாவி அம்மா! நான் போட்டா பேய்னு திட்டுவே. இப்ப நீ?"

"நானும் பேய்தான். போடி."

மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறைக்கப் போட்டதுதான். ஆனால் மூன்றாம் நாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தபோது அவளுக்கே பிடித்துப்போனது. பக்கத்தில் நின்றவள் முறைத்தாள். முறைக்கட்டுமே! நாற்பத்தேழு வயதில் இதைப் போடக் கூடாது என்று எவர் சொன்னது?

மேனேஜர் சொன்னார், மறுநாள் மதியம்.

"என்ன மோதிரக்கா, கையில தார் ஊத்திக்கிட்டீங்களா? கிளப்புல ஆடற பொண்ணுங்க போடறது இது. வெளிர் ரோஸ் தவிர எதுவும் கூடாதுன்னு தெரியாதா?"

"கறுப்புல கல்லு எடுப்பா தெரியுது சார். காலையிலேயே ரெண்டு மோதிரம் போயிருக்கு."

"வாயடிக்காதீங்க." பஞ்சும் ரிமூவரும் கண்ணாடி மேஜைமேல் வந்து விழுந்தன. "என் கண்ணு முன்னாடி துடைங்க. இல்லேன்னா கவுண்டரை விட்டு வெளியே வாங்க."

துடைத்தாலும் போச்சு, துடைக்காவிட்டாலும் போச்சு. கட்டைவிரலைத் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. நகம் வெளுக்கவில்லை.

"நல்லாத் தேய்ங்க."

"இதுக்கு மேல போகாது சார். இது மருந்து."

என்ன மருந்து என்று கேட்டார். சொன்னாள். ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல மனிதர் ஓரடி பின்வாங்கினார். குரல் வெண்ணெயாக உருகியது.

"நாளையிலேருந்து பின்னாடி ஸ்டாக் ரூம்ல உட்காந்துக்கங்க. நிக்கவே வேண்டாம். அங்க எந்தக் கலர் வேணும்னாலும் போட்டுக்கலாம், யாரு பார்க்கப் போறா?"

கிண்டலைவிட இந்தக் கனிவுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கை நடுக்கம் வந்த பழைய கேஷியரையும் இப்படித்தான் கனிவாக ஸ்டாக் ரூமுக்கு அனுப்பினார்கள். ஒரே மாதம். அப்புறம் ஆளைக் காணோம்.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு ஜோடி உள்ளே நுழைந்தது.

"சீக்கிரம்... அதை மூடுங்க. பாலிஷ் வச்சிருக்கீங்கல்ல?" என்று பதறினார் மேனேஜர்.

பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். திரும்பி நின்று மறைத்துக்கொள்ளவில்லை. மோதிரங்களுக்காக எரிந்த விளக்குகளின் கீழேயே விரலை நீட்டி, முதல் பூச்சை நிதானமாக இட்டாள்.

"போதும், போதும். வந்துட்டாங்க."

"ஒரு பூச்சுல நிறம் எழாது சார்."

வந்த ஜோடியைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் உட்காருங்க, காயட்டும்" என்றாள். அவர்கள் உட்கார்ந்தார்கள். மேனேஜர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

நகத்தை ஊதிவிட்டு, மறுபடி பிரஷ்ஷை முக்கினாள்.