நாக்குப் பொத்தான்

அன்று காலை பாராசூட் மடிக்கும் கூடத்தில் இருந்தவர்கள்: முதலாளி, மடிப்பு வேலை பார்க்கும் பெண், அவள் புருஷன், அவள் அண்ணன். அண்ணனை எல்லோரும் வவ்வால் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் உத்தரத்துக் கொக்கியிலிருந்து பட்டைகளில் குப்புறத் தொங்கிக்கொண்டிருந்தான். எதிரே ஆளுயர மின்விசிறி, இன்னும் ஓடவில்லை.

விமானத்திலிருந்து குதிப்பவர்களைக் கூடவே குதித்துப் படமெடுப்பது வவ்வாலின் தொழில். விழும்போது இரண்டு கைகளும் காற்றைப் பிடித்து உடம்பைத் திருப்பவே சரியாக இருக்கும். அதனால் கேமரா ஹெல்மெட்டில், ஷட்டர் பொத்தான் வாயில். பல்லால் கடிப்பது உண்டு, ஊதுகிற குழாய் உண்டு, நாக்கால் அழுத்துவது உண்டு. போன மழைக்காலத்தில் தரையிறங்கும்போது அவன் தாடை மண்ணில் மோதி உடைந்தது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இப்போது சேர்வதில்லை. கீழுதடு மரத்துக் கிடக்கிறது, ஊதினால் ஓரத்தில் காற்று கசிகிறது. மிச்சம் நாக்குதான். அதிலும் பாதி செத்துவிட்டது.

இன்றைக்குத் தேறினால் மறுபடி விமானம் ஏறலாம். இல்லையென்றால் அந்த இடம் தங்கச்சி புருஷனுக்கு. பொத்தானைச் செய்துகொடுத்தவனும் அவன்தான்.

"உணர்ச்சி இருக்குற பக்கமாத்தான் வச்சிருக்கேன் மச்சான். படம் விழுந்தா கண்ணோரத்துல பச்சை விளக்கு மின்னும்."

"நரம்பில்லாத நாக்கு நாலும் பேசும்பாங்க," என்றார் முதலாளி. "உனக்கு நெசமாவே அப்படி ஆயிடுச்சேடா வவ்வாலு."

"நாலெல்லாம் வேணாம் சார். க்ளிக்குனு ஒண்ணு பேசினாப் போதும்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் கேமரா சடசடவென்று அடித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"வாயில பொத்தான வச்சிக்கிட்டுப் பேசாத. என் செருப்பத்தான் எடுக்குது," என்றார் முதலாளி.

முதலாளி கையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு படம். அதுதான் சோதனை. விசிறி ஓடாதபோது தடங்கல் இல்லை. ஷட்டர் சத்தம் அவன் காதில் விழுந்தது. பிறகு விசிறியைப் போட்டார்கள். கூடமே அதிர்ந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் கை உயர்ந்தபோதெல்லாம் விளக்கு மின்னியது.

விசிறி நின்றதும் தங்கச்சி துள்ளினாள். "பாத்தீங்களா சார்! எங்கண்ணன் ஒண்ணுகூட விடல."

முதலாளி படங்களை லேப்டாப்பில் திறந்தார். ஒன்றில் பாதிக் கை. ஒன்றில் மணிக்கட்டு மட்டும். ஒன்றில் வெறும் சுவர்.

"ஹெல்மெட்டு நகந்திருக்கும்," என்றாள் தங்கச்சி. அவள் புருஷன் பட்டையை இழுத்துப் பார்த்தான். நகரவில்லை. அதை அவன் சொல்லவில்லை.

முதலாளி மறுபடி விசிறியைப் போட்டு, வவ்வாலின் முகத்துக்கு நேர்கீழே போய் நின்றுகொண்டு கையைத் தூக்கினார். தூக்கித் தூக்கி அவன் கண்ணையே பார்த்தார். பிறகு விசிறியை அணைத்தார்.

"நீ என் கையப் பாக்கல. விளக்கப் பாக்குற."

அழுத்தினோமா என்பதை நாக்கு சொல்லவில்லை. அதனால் அவன் விளக்கிடம் கேட்டுக்கொண்டான். கண் போனால் தலை கொஞ்சம் போகும். தலை போனால் கேமராவும் போகும்.

"மாப்ள, விளக்கக் கழட்டு," என்றார் தங்கச்சி புருஷனிடம்.

கழற்றினான். விசிறி ஓடியது, கை உயர்ந்தது, இறங்கியது. இந்த முறை படங்கள் நிறையவே இருந்தன. கை உயர்வதற்கு முன்பே நாக்கு பொத்தானை அழுத்தியபடி நிற்க, கேமரா படமாக எடுத்துத் தள்ளித் திணறி நின்றுபோயிருந்தது. கை தெரிந்த படம் ஒன்றுகூட இல்லை.

"அமுக்கிப் பிடிச்சது தெரியலியாடா?"

"தெரியல சார். விளக்கத் திரும்ப மாட்டிக் குடுங்க. பழகிக்கிறேன்."

"படம் போனா வாடிக்கைக்காரன் கிட்டச் சொல்லிச் சமாளிச்சிருவேன். ஆனா விளக்கையே பாத்துக்கிட்டு விழுந்தியானா உயரத்த யாருடா பாக்குறது? நீ செத்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

தங்கச்சி பட்டைகளை அவிழ்க்க வந்தாள். "கொஞ்ச நாளைக்குப் பல்லக் கடிச்சிக்கிட்டு இருண்ணே. சரியாயிரும்."

"பல்லு சேந்தா நான் ஏன்டி இங்க தொங்குறேன்?"

அவள் புருஷன் ஹெல்மெட்டைத் தொடாமல் நின்றான். "நான் ஏறல மச்சான். வேற ஆளப் பாத்துக்கட்டும்."

"ஏறு. நீ ஏறலன்னா எவனோ ஏறுவான். அதுக்கு நீயே மேல்."

"கோவத்துல சொல்றீங்க."

"கோவம்தான். அதுக்காக ஏறாம இருந்துராத."

வவ்வால் பொத்தானைக் கழற்றிச் சட்டையில் துடைத்து அவனிடம் கொடுத்தான். எச்சில் மோவாயில் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. தங்கச்சி தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். அவன் வேறு பக்கத்தைத் துடைத்தான்.

வெளியே விமானத்தின் இன்ஜின் உறும ஆரம்பித்தது.

"குதிக்கப் போறவங்க தவிர யாரும் உள்ள நிக்கக் கூடாது," என்றார் முதலாளி, யாரையும் பார்க்காமல். மடித்த பாராசூட்டுகள் அடுக்கியிருக்கும் இடத்தில் வேறு ஆளை விடுவதில்லை. பார்வையாளர்களிடம் வவ்வாலே எத்தனையோ தடவை சொல்லி விரட்டியிருக்கிறான்.

தங்கச்சி வாசல் வரை வந்தாள்.

"வீட்டுக்குப் போயிடாதண்ணே. மதியம் சேந்து சாப்பிடலாம்."

"அவனோட பாராசூட்ட நீயே மடி. வேற யார்கிட்டயும் குடுக்காத."

"சரி."

அவன் படியிறங்கினான். அவள் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினாள்.