குட்டைப் பெண்ணுக்கு ஏற்ற நெட்டு

ஜெனவீவை முக்காலியில் ஏற்றி நிறுத்தி, அவள் தலையில் முக்காடாகத் தொங்கும் கல்யாண நெட்டைப் பொருத்தி ஊசி குத்திக்கொண்டிருந்தாள் மரியா.

"ஆடாம நில்லு."

"நான் ஆடலக்கா. முக்காலிதான் ஆடுது."

பத்து மணிக்குக் கோயிலில் கல்யாணப் பூசை. சாமியாருக்கு ஜப்பான்காரன் கொடுத்திருந்த பயண பாஸ் இன்று பொழுது சாயும்வரைதான். இதை விட்டால் அவர் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்துப் பக்கம் மறுபடி எப்போது வருவாரோ! தோட்டத்து பங்களாவில் ஜப்பான் சிப்பாய்கள் வந்து தங்கிய பிறகு, வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. கோலா கெடாவில் மீன்படகு ஓட்டும் அந்தோணிதாஸ், தாலி கட்டிய கையோடு அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவான்.

உள்ளறையில் அப்பா ஹெர்பர்ட் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் டிரெசராக இருந்து, டாக்டர் இல்லாதபோது மருந்து கொடுத்தவர். கொயினா மாத்திரை எப்போதோ தீர்ந்துவிட்டது என்பது மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். விடிகாலையில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"இது வேணாங்க்கா. கலர் ஒத்துவரல."

அந்த நெட்டு மரியாவுடையது. ஓரமெல்லாம் லேஸ் பூ வைத்து, தரையில் புரளும் நீளம். ஆஸ்பத்திரி விரிப்பில் தைத்து நீலம் போட்ட கவுனின் பளீர் வெள்ளைக்கு முன்னால் அது பழுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் ஜெனவீவ் கண்ணாடியைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"கலர்தானா?" என்றாள் மரியா.

ஜெனவீவ் தலையைக் குனிந்துகொண்டாள். மரியாவின் புருஷன் பரஞ்சோதியைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது மாதமாகிறது. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது.

"ரெண்டையும் போட்டுக் காட்டுங்க," என்றது உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

முதலில் லேஸ் நெட்டோடு ஜெனவீவ் அவர் முன்னால் போய் நின்றாள். அடுத்து, கொசுவலையின் மேல்துணியை வெட்டி மரவள்ளிக் கஞ்சியில் விறைப்பாக்கி வைத்திருந்த சின்ன நெட்டு. அது தோளோடு நின்றது. அப்பா கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"சின்னதுதான். பாப்பா குட்டை. லேஸ் அவள முழுங்கிடுது. வெறுங்கவுனுக்கு வெறும் நெட்டுதான் அழகு."

மரியா லேஸை மடிக்கத் தொடங்கினாள்.

"அதப் பத்திரமா வை. பினாங்குல நாலு கட ஏறி எறங்கி, ஒன் ஒசரத்துக்குன்னு பாத்து எடுத்தது. வேற யாருக்கும் பொருந்தாது."

மடித்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது.

கோயிலில் முதல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக் காளியம்மா வெயிலுக்குக் குடை பிடித்து வந்து வாசலில் தவித்தாள்.

"நேரமாச்சுலா, வாங்க!"

"நீங்க கூட்டிட்டுப் போங்கக்கா. தண்ணி குடுத்துட்டு வந்துடறேன்."

ஊற்றிய தண்ணீர் அப்பாவின் கடைவாயில் வழிந்தது. மரியா துடைத்துவிட்டாள். கதவுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

"நீ போம்மா. அவ தனியா நிப்பா."

"போறேன்ப்பா."

அவர் மூச்சை இழுத்தார். விட்டார். அடுத்ததுக்காக மரியா காத்திருந்தாள். கோயிலில் இரண்டாவது மணி அடித்து ஓய்ந்தது. அவள் இன்னும் காத்திருந்தாள்.

பிறகு அவர் கண்களை மூடினாள். போர்வையை நெஞ்சுவரை மட்டும் இழுத்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வாசல்வரை நடந்தவள் அதன்பிறகு ஓடினாள்.

பீடத்துக்கு முன்னால் ஜெனவீவின் நெட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. மரியா அருகில் மண்டியிட்டு அதை நேராக்கினாள்.

"அப்பா?" என்றாள் ஜெனவீவ், உதடு அசையாமல்.

"தூங்குறாரு."

சாமியார் மரியாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு புத்தகத்துக்குக் குனிந்தார்.

பூசை நீண்டுகொண்டே போனது. தாலி ஏறியபோது எல்லாரும் அழுதார்கள். மரியா மட்டும் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ஜெனவீவ் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல அப்பாகிட்ட காட்டணும். வாங்க, வாங்க!"

வீட்டுக்கு இரண்டே திருப்பம். மரியா எட்டி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"மெதுவா நட. வழுக்கும்."

மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தது. உதிர்ந்த ரப்பர் இலைகள் காலடியில் நொறுங்கின. அந்தோணிதாஸ் மரியாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவனும் நடையைக் குறைத்துக்கொண்டான்.