நனையாத கயிறு

புதுவாயல் கூட்டுரோட்டுக் கடையில் தடித்த கயிறாகப் பார்த்து வாங்கிவந்து, தேசப்பன் கிணற்று ராட்டினத்தில் பூட்டினார். கிணற்றை மூடியிருந்த இரும்பு வலையை மகன் அன்புசெல்வன் முந்தின மாலையே கழற்றி மறைத்திருந்தான். டென்மார்க் தேசத்திலிருந்து நீல்ஸ் வருகின்றார். கிணறு கெட்டுப்போன செய்தி அவருக்குத் தெரிந்துவிடலாகாது என்பதே தேசப்பனின் கவலை.

தேசப்பனின் இளமையில், கூலி வேலை செய்த இத்தெருக் குடும்பங்கள் ஊர்க் கிணற்றில் குடம் வைக்க இயலாதிருந்த காலம் அது. தொண்டு செய்யக் கடல் கடந்து வந்த இளைஞர் நீல்ஸ், சம்பளம் ஏதும் பெறாமல், இவர்களுக்கென ஒரு கிணறு தோண்ட இவர்களோடு குழியில் இறங்கி மண் வெட்டினார். ‘துரை’ என்று அழைத்தால் கோபித்துக்கொள்வார். நீர் சுரந்த அன்று, தேசப்பன் வீட்டுச் சொம்பை வாயில் வைத்தே குடித்தார். நிலக்காரர் வாசலில் கை குவித்து ஏந்தியே குடித்துப் பழகிய மக்கள் அதைக் கண்டு வியந்தனர். உலகம் மாறிவிடும் என்று அவர் நம்பினார். அவரைக் கண்டு தேசப்பனும் நம்பினார்.

பின்னர் தொழிற்சாலைகள் வந்தன. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. கிணற்று நீரோ மஞ்சளாயிற்று. இப்பொழுது குடிப்பது கேன் தண்ணீர்.

காரிலிருந்து கைத்தடியுடன் இறங்கிய நீல்ஸ், இங்குக் கற்ற தமிழை மறந்திருக்கவில்லை.

“இன்னாடா தேசப்பா, பல்லெல்லாம் எங்கடா போச்சு?”

“உன்னப் பாக்கத்தான் கெளம்பிப் போச்சு அண்ணாத்த. வழியில பாக்கலியா?”

சிரித்துக்கொண்டே அவர் நேராகக் கிணற்றடிக்குச் சென்று கயிற்றைப் பற்றினார்.

“ஒரு வாளி நானே சேந்தறேன்.”

தேசப்பன் விரைந்து குறுக்கே வந்தார். “வேணாம் அண்ணாத்த, கை நோவும். காலையிலயே சேந்தி வச்சிக்கீது. உக்காரு.”

மனைவி கன்னியம்மா, அதே பழைய சொம்பில் கேன் தண்ணீரை நிரப்பிக் கொணர்ந்தாள். நீல்ஸ் ஒரு வாய் குடித்து நிறுத்தினார்.

“உப்பே இல்லியேடா.”

அக்கிணற்று நீர் முதல் நாள்தொட்டே சற்றுக் கரிக்கும் என்பதைத் தேசப்பன் மறந்தே போயிருந்தார். நீல்ஸ் எழுந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

“எப்பருந்து?”

“பசங்க கம்பெனிக்குப் போவ ஆரம்பிச்ச பொறவு. எம்மவனும் அங்கதான் போறான். சோறு அங்கருந்து வருது, யாரப் போயி கேக்கறது?”

“எங்கிட்ட சொல்லிருக்கலாமேடா.”

“நீ வெட்டின கெணறு அண்ணாத்த. எந்த வாயால சொல்றது?”

நீல்ஸ் கிணற்றுச் சுவரைத் தடவினார். “வெட்டினா போதும்னு நெனச்சி ஊருக்குப் பூட்டேன்டா,” என்றார்.

பிறகு சொம்பை வாயில் வைத்து, மிச்சமின்றிக் குடித்து, கன்னியம்மாவின் கையில் கொடுத்தார். மறுபடி வருவதாக அவர் சொல்லவில்லை.

கார் சென்றதும் அன்புசெல்வன் வலையைக் கொணர்ந்து கிணற்றின்மேல் போர்த்தினான். தேசப்பன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். ஒரு சொட்டு நீரும் படாமல், அது கடையில் இருந்தவாறே இருந்தது.