சீக்கிரம் போய்ச்சேரும் மீன்

மின்மீட்டர் ரீடிங் எடுக்கிறவருக்கு நாய் என்றால் குலை நடுங்கும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மூன்று முறை கடி வாங்கியவர். எத்தனை முறை சுவரேறிக் குதித்தார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. பெரிய மகள் நாய் வேண்டுமென்று கேட்கும்போதெல்லாம், "முடி கொட்டும், வீடெல்லாம் நாறும்" என்று சமாளித்துவந்தார்.

அவளுக்குப் பத்து வயது. பிடித்தால் விடமாட்டாள். கடைசியில் மனுஷன் ஒரு நிபந்தனை போட்டார்.

"முதல்ல ஒரு மீன் வளர்த்துக் காட்டு. தொண்ணூறு நாள் அது உசுரோட இருந்தா நாய் வாங்கித் தர்றேன். சத்தியம்!"

சத்தியம் செய்த கையோடு மீன் கடைக்குப் போனார். கடைக்காரரின் காதோடு காதாக, "இருக்கறதுலயே சீக்கிரம் போய்ச்சேர்ற மீனா ஒண்ணு குடுங்க" என்றார். அப்பா என்ற சொல்லுக்கே அவமானம், வேறென்ன சொல்ல! கடைக்காரர் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, வால் கிழிந்த தங்கமீன் ஒன்றை வலையில் அள்ளிக் கொடுத்தார்.

அதுவோ சாகிற வழியாக இல்லை. பெரியவள் வளர்த்த வளர்ப்பு அப்படி. முந்தின நாளே பிடித்துவைத்த தண்ணீரைத்தான் தொட்டிக்கு மாற்றுவாள். காலையில் ஒரு சிட்டிகை தீனி, மாலையில் ஒரு சிட்டிகை. அதற்குமேல் யார் கைவைத்தாலும் வீட்டை இரண்டாக்கிவிடுவாள். மீனுக்கு வால்கூட வளர்ந்துவிட்டது. இவர் தினமும் காலையில் தொட்டிமுன் குனிந்து, மீட்டரைப் பார்க்கிற மாதிரியே உற்றுப் பார்ப்பார். மீனும் ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை வைத்து வாயைத் திறந்து மூடும். போகப்போக, அது வராத அன்று இவருக்கு என்னவோபோல் இருந்தது.

எண்பத்தெட்டாம் நாள் அவருக்கு விடுமுறை. மனைவி வேலைக்கும் பெரியவள் பள்ளிக்கும் போயாயிற்று. நாலு வயதுச் சின்னவள் மட்டும் இவர் பொறுப்பில். செய்தித்தாளைப் பிரித்தவர் சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டார். எழுந்து பார்த்தால் தீனி டப்பா காலி. தண்ணீர் கலங்கிக் கிடக்க, மீன் வயிறு உப்பி மல்லாந்து மிதந்தது.

"அதுக்குப் பசிச்சுதுப்பா," என்றாள் சின்னவள்.

இனி இவர் சும்மா இருந்தாலே போதும். நாய் வராது, பழியும் வராது. சும்மா இருக்கத்தான் மறுபடி சோபாவில் போய் உட்கார்ந்தார். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. எழுந்து மீன் கடைக்குப் போன் போட்டார்.

"வயிறு ஊதி மல்லாந்துடுச்சுங்க!"

"சந்தோஷம் சார். நீங்க கேட்ட மாதிரியே ஆச்சு," என்றார் கடைக்காரர்.

"யோவ், விளையாடாதய்யா! பொழைக்க வைக்க என்ன பண்ணணும், அதைச் சொல்லு!"

"தண்ணிய மாத்துங்க. பச்சைப் பட்டாணிய வேகவச்சு, தோலை உரிச்சு, கடுகளவு குடுங்க. அப்புறம் ரெண்டு நாள் பட்டினி போடுங்க."

பட்டாணியை உரித்து, நசுக்கி, ஈரக் கையோடு தொட்டிக்கும் அடுப்படிக்கும் அலைந்தார். "செத்துகித்துத் தொலைச்சே, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று மீனை மிரட்டினார். தொழில் புத்தி போகுமா? காலண்டர் ஓரத்தில் ரீடிங் வேறு எழுதினார்: பன்னிரண்டு மணி, மல்லாந்து. ஒன்றரை, பக்கவாட்டில். இரண்டே முக்கால், பட்டாணி விழுங்கியது.

நாலு மணிக்குப் பெரியவள் வந்தபோது மீன் கோணலாகத்தான் என்றாலும் தானாக நீந்திக்கொண்டிருந்தது. சின்னவள் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். பெரியவள் தொட்டியைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், அப்பாவின் நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

"நீங்க பேசாம விட்டிருந்தா நாயே வாங்க வேண்டியிருக்காதேப்பா."

"பாவம்டி அது," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் பக்கத்தில் வந்து, தங்கைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"பல்லு முளைக்காத குட்டியா பார்த்து வாங்கலாம்ப்பா. அது வளர்றதுக்குள்ள உங்களுக்கும் பயம் தெளிஞ்சிடும்."